மதிலும் விருந்தினர் இல்லமும்: லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் கத்பர்ட்



இன்றைய சொற்பொழிவின் பொருள், ஏழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடபகுதியில் வாழ்ந்து, துறவியாகவும் ஆயராகவும் விளங்கிய புனித கத்பர்ட்டின் வாழ்க்கை. ஆயர் என்னும் சொல், ஒரு நிலப்பகுதியின் திருச்சபையை நடத்திச் செல்லும் தலைமைக் குருவைக் குறிப்பது. பழைய தமிழ்க் கிறித்தவ நூல்கள் இதே பதவியை மேற்றிராணியார் என்று வழங்கின. கத்பர்ட் அந்தப் பதவியில் இருந்த காலம் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். அவர் போர் வென்றவர் அல்லர். பெருங்கோயில் எதையும் கட்டியவர் அல்லர். அவர் எழுதிய நூல் என்று ஒன்றும் இன்று இல்லை. அப்படியிருந்தும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஒரு நாட்டின் வடபகுதி முழுவதும் அவரைத் தன் புனிதராகக் கொண்டாடி வருவது ஏன்? தனிமையை விரும்பிய ஒருவர் மக்களின் மனத்தில் இவ்வளவு நெருக்கமான இடத்தைப் பெற்றது எப்படி? இந்தக் கேள்விக்கான விடை, அவர் ஒரு சிறு தீவில் தம் கையாலேயே கட்டிய இரண்டு கட்டடங்களில் இருக்கிறது. ஒன்று, வெளியுலகம் கண்ணில் படாதபடி உயர்த்திய மதில். மற்றொன்று, வருவோர் தங்குவதற்கென்று படகுத்துறை ஓரமாக எழுப்பிய விருந்தினர் இல்லம்.

முதலில் அவர் பிறந்த நாட்டைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமப் படைகள் பிரிட்டனை விட்டு நீங்கியபின், கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கில இனக்குழுக்கள் பல சிற்றரசுகளை நிறுவின. அவற்றுள் வடக்கே ஹம்பர் ஆற்றுக்கு அப்பால் பரந்திருந்தது நார்தம்பிரியா. அதன் அரசர் எட்வின் 627ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றார்; ஆனால் அவர் போரில் வீழ்ந்ததும் புதிய சமயம் ஆட்டம் கண்டது. பின்னர் அரியணை ஏறிய ஆஸ்வால்டு, தாம் இளமையில் அடைக்கலம் புகுந்திருந்த ஐயோனா என்னும் மேற்குத் தீவின் மடத்திலிருந்து எய்டன் என்னும் ஐரியத் துறவியை வரவழைத்து, 635இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவை அவருக்கு அளித்தார். எய்டனுக்கு ஆங்கில மொழி சரியாக வராது. ஐரிய மொழி அறிந்த அரசரே அருகில் நின்று, ஆயரின் போதனையைத் தம் அவையோருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அரசர் துபாஷியாக நிற்க, துறவி பேசிய அந்தக் காட்சியோடுதான் வடநாட்டுத் திருச்சபை வேர்விடத் தொடங்கியது. கத்பர்ட் பிறந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான்.

அவருடைய வாழ்க்கையை அறிவதற்கு உதவும் மூலங்கள் வலுவானவை. அவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகும் முன்பே லிண்டிஸ்ஃபார்ன் துறவி ஒருவர், தம் பெயரைக் குறிப்பிடாமலே, அவருடைய வரலாற்றை இலத்தீனில் எழுதினார். பின்னர், ஆங்கிலேய வரலாற்றெழுத்தின் தந்தை எனப் போற்றப்படும் பீட், முதலில் செய்யுளாகவும், 721ஆம் ஆண்டையொட்டி உரைநடையாகவும் அதை மீண்டும் எழுதினார். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவன ஆசிரமத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் தாங்கியிருந்த துறவுப் பெயர் இந்தப் பீடின் பெயரே என்பதால், அப்பெயர் தமிழகத்துக்கும் அயலானது அன்று. பீட் தம் நூலை முடித்தவுடன், கத்பர்ட்டை நேரில் அறிந்த லிண்டிஸ்ஃபார்ன் முதியோர் முன்னிலையில் இரண்டு நாள் அதை வாசிக்கச் செய்து, அவர்கள் ஒப்பிய பிறகே வெளியிட்டார். புதுமைகள் நிறைந்த புனிதர் வரலாறு என்னும் இலக்கிய வகையைச் சேர்ந்த நூல்தான் அது. ஆயினும் சாட்சிகளின் பெயரைச் சொல்லி, கேட்டதைக் கேட்டபடி பதிவு செய்யும் நேர்மை அதில் உண்டு.

இளைஞர் கத்பர்ட் ஆடு மேய்த்தவர். 651ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு, மலைச்சரிவில் மந்தைக்குக் காவலிருந்தபோது, வானத்திலிருந்து ஒளி இறங்கி ஓர் ஆன்மாவை ஏந்திச் சென்றதை அவர் கண்டதாகவும், எய்டன் அன்றிரவே இறந்தார் என்ற செய்தி பின்னர் வந்ததாகவும் பீட் எழுதுகிறார். அந்த இரவு அவருடைய வாழ்வைத் திருப்பியது. அவர் மெல்ரோஸ் மடத்தின் வாசலில் போய் நின்றார். அங்கே அவரை எதிர்கொண்டவர் பாய்சில். மடத்தின் தலைவருக்கு அடுத்த நிலையில் இருந்து துறவியரை நடத்தும் துணைத்தலைவர் அவர். கத்பர்ட்டின் ஆசானும் அவரே.

அந்த ஆசானுக்கும் மாணவருக்கும் இடையே நடந்த கடைசிப் பாடம் மறக்க முடியாதது. கொள்ளைநோய் மடத்துக்குள் நுழைந்தது. கத்பர்ட் நோயுற்றுத் தேறினார். பாய்சில் தமக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது என்பதை உணர்ந்தார். அந்த ஏழு நாளில் எந்த நூலைப் படித்து முடிக்க இயலும் என்று மாணவர் கேட்டார். யோவான் நற்செய்தி, தம்மிடம் ஏழு கட்டுகளாகத் தைத்த படி இருக்கிறது, நாளுக்கு ஒரு கட்டு படிக்கலாம் என்றார் ஆசான். நுணுக்கமான வாதங்களை ஒதுக்கி, அன்பினால் செயல்படும் நம்பிக்கையை மட்டுமே பொருளாகக் கொண்டு இருவரும் அதைப் படித்தனர். ஏழாம் நாள் படிப்பு முடிந்தது. ஆசானின் உயிரும் பிரிந்தது. இந்த யோவான் நற்செய்தியை அவையோர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இச்சொற்பொழிவின் முடிவில் அது மீண்டும் வரும்.

பாய்சிலின் இடத்தில் துணைத்தலைவராக அமர்ந்த கத்பர்ட், மடத்துக்குள்ளேயே இருந்துவிடவில்லை. கொள்ளைநோய்க்கு அஞ்சிய மக்கள், திருமுழுக்குப் பெற்றிருந்தும், தாயத்துக்கும் மந்திரத்துக்கும் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மற்ற குருக்கள் ஏறத் தயங்கிய செங்குத்தான மலையூர்களுக்கு, சில வேளை குதிரையில், பெரும்பாலும் நடந்தே, அவர் சென்றார். ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதம் முழுவதும் அந்த ஏழை மக்களிடையே தங்கினார். அவர் முன்னால் எதையும் மறைக்க மக்களுக்கு மனம் வரவில்லை என்கிறார் பீட். அதட்டிப் பெற முடியாத நம்பிக்கை அது.

அடுத்து வந்தது ஒரு பெரிய பிளவு. உயிர்ப்புப் பெருவிழாவை எந்த ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுவது? ஐயோனாவின் மரபு எண்பத்து நான்கு ஆண்டுச் சுழற்சியைக் கொண்டு நாள் குறித்தது. உரோமை பத்தொன்பது ஆண்டுச் சுழற்சியைப் பின்பற்றியது. இதனால் ஒரே அரண்மனையில் அரசர் விழா கொண்டாடிக்கொண்டிருக்க, அரசி இன்னும் தவக்கால நோன்பில் இருந்த நிலை ஏற்பட்டது. 664இல் விட்பி மடத்தில் கூடிய பேரவையில், அரசர் ஆஸ்வியு உரோமை மரபுக்கே தீர்ப்பளித்தார். லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் கோல்மன் மனமுடைந்து, தம் வழியைப் பின்பற்றிய துறவியரோடு அயர்லாந்துக்குத் திரும்பினார். கத்பர்ட்டும் ஐரிய மரபில் வளர்ந்தவரே. ஆனால் அவர் தீர்ப்பை ஏற்றார். காயம்பட்டுக் கிடந்த லிண்டிஸ்ஃபார்ன் மடத்துக்குத் துணைத்தலைவராகச் சென்றார்.

அங்கே அவர் சந்தித்தது வசைமொழி. பழைய பழக்கத்தை விட மனமில்லாத துறவியர் மடத்துக் கூட்டத்தில் அவரைக் கடுமையாக ஏசுவார்கள். அப்போது அவர் என்ன செய்தார்? குரலை உயர்த்தினாரா? தண்டனை விதித்தாரா? முகம் மாறாமல் அமைதியாக எழுந்து கூட்டத்தை முடித்துவிட்டு வெளியேறினார். மறுநாள் வந்து, நேற்று எதுவுமே நடக்காதது போல, அதே அறிவுரையை அதே நிதானத்தோடு மீண்டும் சொன்னார். அடுத்த நாளும் அப்படியே. மெல்ல மெல்ல மடம் அவர் வழிக்கு வந்தது. அவரைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாப் புதுமைகளையும்விட வியப்பூட்டும் புதுமை இந்தப் பொறுமையே என்று சொல்வது மிகையாகாது.

லிண்டிஸ்ஃபார்ன் ஒரு விந்தையான நிலம். கடல் உள்வாங்கும்போது மணல்வெளி வழியே கரையிலிருந்து நடந்தே போகலாம். கடல் ஏறும்போது அது தீவாகிவிடும். நாளுக்கு இருமுறை இது நிகழும். நாளில் பாதி உலகத்தோடு ஒட்டியும் பாதி விலகியும் இருக்கும் அந்த நிலம் கத்பர்ட்டின் மனத்துக்கே உவமையாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த அளவு தனிமை அவருக்குப் போதவில்லை. 676இல், தெற்கே நடுக்கடலில் கிடந்த ஃபார்ன் தீவுக்கு அவர் குடிபெயர்ந்தார். மரமில்லாத பாறைத்தீவு அது. அவர் வந்தபோது அங்கே நல்ல நீர் இல்லை. பேய்கள் நடமாடும் இடமென்று மக்கள் அஞ்சினர்.

அங்கே அவர் கட்டிய உறைவிடத்தைப் பீட் அளவெடுத்தாற்போல விவரிக்கிறார். ஏறக்குறைய வட்டமான மதில். செதுக்காத கற்களும் புல்மண் கட்டிகளும் அடுக்கிய சுவர். வெளியே நின்று பார்த்தால் ஓர் ஆள் உயரத்தைவிடச் சற்றே அதிகம். ஆனால் உட்புறம் பாறையைக் குடைந்து தரையைத் தாழ்த்தியதால், உள்ளே நிற்பவருக்கு மதில் மிக உயரமாகத் தெரியும். கடலும் தெரியாது, கரையும் தெரியாது. தலைக்கு மேலே வானம் மட்டுமே தெரியும். மதிலுக்குள் ஒரு சிறு செபக்கூடமும் ஒரு குடிலும்; முரட்டு மரக்கட்டைகளின்மேல் வைக்கோல் வேய்ந்த கூரை. இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்ட மனிதர், மதிலுக்கு வெளியே, படகுத்துறை அருகில், வருவோர் தங்கப் பெரியதொரு இல்லத்தையும் எழுப்பினார். அதற்கு அருகிலேயே நீரூற்றும் இருந்தது. யாரும் வரவேண்டாம் என்று எண்ணியவர் விருந்தினர் இல்லம் கட்டுவாரா? தேடி வருவோர் உண்டு என்பதும், அவர்களைப் பட்டினியாகவும் குளிரிலும் திருப்பியனுப்பக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன.

உழைத்தே உண்ண வேண்டும் என்பது அவர் கொள்கை. கோதுமை விதைத்தார், விளையவில்லை. காலம் தவறிய நிலையில் வாற்கோதுமை விதைத்தார். அது செழித்து வளர்ந்தது. பறவைகள் கூட்டமாக வந்து கதிரைக் கொத்தத் தொடங்கியபோது, விதைக்காத பயிரை உண்பது முறையா, இறைவனின் அனுமதி இருந்தால் உண்ணுங்கள், இல்லையேல் பறந்து போங்கள் என்று அவற்றிடம் சொன்னாராம்; பறவைகள் அகன்றனவாம். விருந்தினர் இல்லத்துக் கூரை வைக்கோலைக் கூடு கட்டப் பிடுங்கிய அண்டங்காக்கைகளை அவர் விரட்டியதும், மூன்று நாள் கழித்து ஒரு காகம் திரும்பிவந்து சிறகை விரித்துத் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டதும், பின்னர் அவை காணிக்கையாகப் பன்றிக்கொழுப்புக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்ததும் மற்றொரு கதை. வந்த விருந்தினர்கள் தங்கள் தோல்காலணிகளுக்குப் பூசிக்கொள்ள அந்தக் கொழுப்பை அவர் பல நாள் வைத்திருந்து எடுத்துக் கொடுப்பாராம். இவற்றை வரலாற்று நிகழ்ச்சிகளாக நிறுவ முயல்வது வீண். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி அவர் காலத்தவர் எத்தகைய கதைகளை நம்பத் தயாராயிருந்தனர் என்பது அந்த மனிதரைப் பற்றிய உண்மையான சான்று. காகத்திடமிருந்து கிடைத்த கொழுப்பும் விருந்தினரின் காலுக்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கதை சொல்லியவர்கள் மறக்கவில்லை. அத்தீவுகளில் முட்டையிடும் ஈடர் வாத்தை அப்பகுதி மக்கள் இன்றும் அவருடைய செல்லப்பெயர் சேர்த்தே அழைக்கிறார்கள்.

இந்தத் தனிமையை உலகம் விட்டுவைத்ததா? இல்லை. 684இல் காண்டர்பரிப் பேராயர் தியோடர் தலைமையில் கூடிய பேரவை கத்பர்ட்டை ஆயராகத் தேர்ந்தது. திருத்தூதர் பவுலின் ஊராகிய தர்சு நகரில் பிறந்து, முதுமையில் இங்கிலாந்துக்கு வந்து அதன் திருச்சபையை ஒழுங்குபடுத்திய பேரறிஞர் தியோடர். தூதுகளும் கடிதங்களும் ஃபார்னுக்குப் போயின, கத்பர்ட் அசையவில்லை. இறுதியில் அரசர் எக்ஃப்ரித்தே, ஆயர் டிரம்வினோடும் பிரபுக்களோடும் படகேறி வந்து, முழந்தாளிட்டுக் கண்ணீரோடு வேண்டினார். அப்போதுதான் கத்பர்ட் தம் மறைவிடத்தை விட்டு வெளியே வந்தார். அவர் கண்களிலும் கண்ணீர் இருந்தது. 685ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழா அன்று, யார்க் நகரில் ஏழு ஆயர்கள் கூடியிருக்க அவர் திருநிலைப்படுத்தப்பட்டார். முதலில் ஹெக்ஸ்ஹம் மறைமாவட்டத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர், தம் பழைய மடத்தலைவர் ஈட்டாவுடன் இடம் மாற்றிக்கொண்டு லிண்டிஸ்ஃபார்னைப் பெற்றார்.

முழந்தாளிட்ட அரசருக்கு அவர் கடன்பட்டவர் ஆகிவிட்டாரா? அதுவும் இல்லை. எக்ஃப்ரித் வடக்கே பிக்ட் இனத்தார்மேல் படையெடுக்க முனைந்தபோது, வேண்டாமென்று தடுத்தவர்களுள் முதன்மையானவர் கத்பர்ட். அரசர் கேட்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த வேளையில், கத்பர்ட் அரசியைக் காணக் கார்லைல் நகருக்குச் சென்றிருந்தார். உரோமர் கட்டிய மதிலையும், இன்னும் நீர் பெருகிக்கொண்டிருந்த உரோம நீரூற்றையும் ஊர் அதிகாரி சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று ஊன்றுகோலில் சாய்ந்து நின்று, தரையை நோக்கி, பின் வானத்தை நோக்கிப் பெருமூச்செறிந்து, இந்நேரம் போரின் முடிவு தெரிந்திருக்கலாம் என்று தாழ்ந்த குரலில் கூறினார். 685 மே 20, சனிக்கிழமை. எக்ஃப்ரித் தம் படையோடு அழிந்த நாள் அது. இடிந்த பேரரசின் மதிலுக்கு அடியில் நின்று ஒரு சிற்றரசின் வீழ்ச்சியை உணர்ந்த அந்த முதியவரின் தோற்றம், பீடின் நூலிலேயே ஆழமான காட்சிகளுள் ஒன்று.

ஆயரான பின்னும் அவர் மலையேறுவதை நிறுத்தவில்லை. கொள்ளைநோயால் வெறிச்சோடிய ஓர் ஊரில், எஞ்சியவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லி முடித்தபின், இன்னும் யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்டுத் திரும்பியவர், சற்றுத் தொலைவில் ஒரு தாய் நிற்பதைக் கண்டார். ஒரு மகனை அண்மையில் இழந்தவள். மற்றொரு மகன் சாகும் நிலையில் அவள் கையில் கிடந்தான். கத்பர்ட் நேரே சென்று, தொற்றுநோய் கண்ட அந்தக் குழந்தையை முத்தமிட்டார். அஞ்ச வேண்டாம், இவன் பிழைப்பான் என்றார். குழந்தை பிழைத்தது என்று நூல் சொல்கிறது. ஆயர் பதவியின் அடையாளங்களாகிய கோலும் மோதிரமும் செய்ய முடியாததை அந்த முத்தம் செய்தது.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லியாக வேண்டும். அவருடைய உடல் பின்னாளில் போய்ச் சேர்ந்த டர்ஹம் நகரின் துறவியர், கத்பர்ட் பெண்களை வெறுத்தார் என்று ஒரு மரபைக் கட்டி, அவருடைய கோயிலுக்குள் பெண்கள் ஓர் எல்லைக்கு அப்பால் செல்லலாகாது என்று தடுத்தனர். அந்த எல்லையைக் காட்டிய கருங்கல் கோடு டர்ஹம் பேராலயத் தரையில் இன்றும் இருக்கிறது. பழைய வரலாறுகளில் இந்த வெறுப்பின் சாயல்கூட இல்லை. மடத்தலைவி எபா அழைத்தபோது அவருடைய மடத்துக்குப் போய்த் தங்கியவர் கத்பர்ட். அரசர் மகளும் மடத்தலைவியுமான எல்ஃப்ளெட் அவருடைய நெருங்கிய நண்பர். மடத்தலைவி வெர்க்கா அன்பளித்த மெல்லிய துணியைத் தம் உடலைப் போர்த்துவதற்கென்றே அவர் எடுத்துவைத்திருந்தார். அந்தக் கருங்கல் கோடு கத்பர்ட்டுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

686ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா முடிந்ததும், முடிவு நெருங்குவதை உணர்ந்த அவர், பதவியைத் துறந்து ஃபார்னுக்குத் திரும்பினார். பிப்ரவரி இறுதியில் நோய் கண்டது. லிண்டிஸ்ஃபார்ன் மடத்தலைவர் ஹெரஃப்ரித் வந்து பார்த்துவிட்டுச் சென்றார். உடனே கடல் கொந்தளித்தது. ஐந்து நாள் எந்தப் படகும் தீவை நெருங்க முடியவில்லை. புயல் ஓய்ந்ததும் ஹெரஃப்ரித் ஓடிவந்தபோது, கத்பர்ட் மதிலுக்குள் இல்லை. விருந்தினர் இல்லத்தில் உட்கார்ந்திருந்தார். தம்மைக் கவனிக்க வருவோர் தம்மைத் தேடி மேலும் நடந்து சிரமப்படக் கூடாது என்று எண்ணி, நோயோடு தட்டுத்தடுமாறி அங்கே வந்து அமர்ந்தவர், ஐந்து நாளும் ஐந்து இரவும் அந்த இடத்தைவிட்டு அசைய முடியாமல் இருந்திருக்கிறார். உணவு? ஹெரஃப்ரித் கேட்டதும் படுக்கை விரிப்பை ஒதுக்கிக் காட்டினார். ஐந்து வெங்காயங்கள். அவற்றுள் ஒன்று மட்டுமே கடிக்கப்பட்டிருந்தது. அதுவும் பாதிக்குமேல் மீதமிருந்தது.

தம்மை ஃபார்னிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். லிண்டிஸ்ஃபார்னில் வைத்தால், அடைக்கலம் தேடிக் குற்றவாளிகளும் ஓடிவருவார்கள், அவர்களுக்காகப் பரிந்துபேசும் தொல்லை துறவியருக்கு ஏற்படும் என்று அவர் அஞ்சினார். துறவியரோ, அந்தத் தொல்லையைத் தாங்கிக்கொள்வதாகக் கெஞ்சினார்கள்; அவர் இசைந்தார். பிறகு அவரைச் செபக்கூடத்துக்குத் தூக்கிச் சென்றனர். 687 மார்ச் 20ஆம் நாள், இரவுச் செபத்தின்போது, கைகளை உயர்த்தியபடி அவர் உயிர் துறந்தார். ஒரு துறவி இரு கைகளிலும் மெழுகுவர்த்திகளை ஏந்தி உயரமான இடத்தில் நின்றார். கடலுக்கு அப்பால் லிண்டிஸ்ஃபார்னின் காவல்மேடையில் விழித்திருந்தவர் அந்த ஒளியைக் கண்டு செய்தி அறிந்தார்.

பதினோராண்டு கழித்து, 698இல் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்ததாகத் துறவியர் சாட்சி சொன்னார்கள். உடலை ஓக் மரப்பேழையில் வைத்தனர். அதன் பலகைகளில் கிறிஸ்துவும் வானதூதரும் திருத்தூதரும் கோட்டுருவங்களாகச் செதுக்கப்பட்டு, பெயர்கள் இலத்தீன் எழுத்திலும் ரூன் என்னும் பழைய வடநாட்டு எழுத்திலும் பொறிக்கப்பட்டன. ஆயர் எட்ஃப்ரித் எழுதிய, வண்ணக் கோலங்களால் உலகப் புகழ்பெற்ற லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் அவருடைய நினைவைச் சூழ்ந்து எழுந்ததே. 793இல் வைக்கிங் கொள்ளையர் தீவைச் சூறையாடினர். 875இல் துறவியர் பேழையைத் தோளில் சுமந்துகொண்டு வெளியேறினர். பல ஆண்டு அலைந்து, 883இல் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் சேர்ந்து, 995இல் டர்ஹமில் நிலைகொண்டது அந்தப் பேழை. ஒரு பிணப்பெட்டியைச் சுமந்தபடி ஒரு மக்கள் கூட்டம் தன்னைச் சிதறாமல் காத்துக்கொண்டது. அது நடந்த வழியெங்கும் கத்பர்ட்டின் பெயரில் கோயில்கள் எழுந்தன.

1104இல் பேழை திறக்கப்பட்டபோது உள்ளே ஒரு சிறு நூல் கிடைத்தது. அது யோவான் நற்செய்தி. 138 மில்லிமீட்டர் உயரமும் 92 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட, ஒரு கையில் அடங்கும் அளவு. சிவந்த ஆட்டுத்தோல் அட்டையின் நடுவில் புடைத்து நிற்கும் கொடி வேலைப்பாடு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பீட் வாழ்ந்த மடத்தில் எழுதப்பட்ட படி அது. முதல் கட்டமைப்பு குலையாமல் எஞ்சியுள்ள ஐரோப்பிய நூல்களுள் மிகப் பழையது. பாய்சிலும் கத்பர்ட்டும் சேர்ந்து படித்த படி அதுவன்று. ஆனால் ஆசானின் கடைசி ஏழு நாள்களை அறிந்த யாரோ, வேறு எதையும் விடுத்து இந்த நற்செய்தியையே கத்பர்ட்டின் அருகில் வைத்திருக்கலாம். 2012இல் பிரிட்டிஷ் நூலகம் தொண்ணூறு இலட்சம் பவுண்டு கொடுத்து அதை வாங்கியது.

1827இல் மீண்டும் திறந்தபோது எலும்புகளும் பட்டாடைகளும் தந்தச் சீப்பும், கத்பர்ட் மார்பில் அணிந்த சிறு பொற்சிலுவையும் கிடைத்தன. செம்மணிக்கற்கள் பதித்த அந்தச் சிலுவையின் ஒரு கை உடைந்து பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது. அணிந்து தேய்ந்த பொருள் அது. டர்ஹம் பேராலயத்தில் அதைக் காணலாம். அங்கேயே, பெரிய பீடத்தின் பின்னால், அவர் புதைக்கப்பட்ட இடத்தை மூடிய கற்பலகை தரையில் கிடக்கிறது. அதில் ஆயர் என்ற பட்டம் இல்லை. புனிதர் என்ற அடைமொழியும் இல்லை. கத்பர்ட்டின் பெயர் மட்டும், இலத்தீனில், ஒரே சொல்லாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.